கழுத்தில் கட்டிய தண்ணீர்

அத்தியாயம் பதினேழு

அன்று காலை சபையின் பக்கத்து அறையில் இருந்தவர்கள்: பாஸ்டர் கமாலியேல். கமிட்டிச் செயலாளர் தியாகராஜா. கொக்கோத் தோட்டத்தில் காவல் வேலை பார்க்கும் நல்லையா. நல்லையாவின் மூத்த மகள் இலட்சுமி. இலட்சுமியின் புருஷன் விஜயரத்தினம்.

வராதவள் சலோமி. நல்லையாவின் இளைய மகள், பதினெட்டு வயது. அவளுக்காகத்தான் கூட்டம்.

முந்திய நாள் மாலை, நாலந்தாவில் வேலை முடிந்து மாத்தளைக்குத் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். எல்லோரையும் இறக்கினார்கள். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த 2008ஆம் ஆண்டு. இறங்கி வரிசையில் நிற்பது யாருக்கும் புதிதல்ல. மற்றவர்கள் திரும்ப ஏறினார்கள். சலோமி ஏறவில்லை. அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி தொங்கியது.

ஒரு தமிழ்ப் பெண்ணின் கழுத்தில் அப்படி ஒன்று தொங்கினால் அந்த வருடம் அதற்கு ஒரே அர்த்தம்தான். சயனைட். பிடிபட்டால் கடித்துச் சாவதற்கு இயக்கத்துப் பிள்ளைகள் கட்டிக்கொள்வது.

சலோமியின் குப்பியில் இருந்தது தண்ணீர்.

அது அங்கே வந்த விதம் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். விஜயரத்தினம் வாலிபர் கூட்டத்தைப் பொறுப்பெடுத்தபோது விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள்தான் வந்தார்கள். ஞாயிறு காலையில் டீவீயில் சிங்களக் குரலோடு ஒரு மாயக்கதை போனது. ஆராதனையை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள். அவன் யாரையும் திட்டவில்லை. அந்தக் கதையின் சீடீக்களை வாங்கி வந்து சனிக்கிழமைகளில் சபை மண்டபத்திலேயே போட்டான்.

கதையில் விளக்கேந்திகள் என்று ஒரு சிறு கூட்டம் இருட்டு அரசனின் நாட்டைக் கடந்து போகிறது. ஒவ்வொருவர் கழுத்திலும் முதல் ஊற்றின் தண்ணீர் கொஞ்சம். எதிரி பிடித்தால் அதைக் குடிக்க வேண்டும். குடித்தவர்களின் உடம்பை எதிரி வைத்துக்கொள்ளலாம். உயிரைத் தொட முடியாது. பாதி நேரம் படம், பாதி நேரம் வேதம். ஊற்றைக் காட்டி ஞானஸ்நானத்தைச் சொன்னான். விளக்கைக் காட்டி விசுவாசத்தைச் சொன்னான். மண்டபம் நிறைந்தது.

பிறகு குப்பிகள். சலோமி வேலை செய்யும் ஸ்பைஸ் கார்டனில் வெள்ளைக்காரர்களுக்குக் கராம்பு எண்ணெயை மாதிரிக்குக் கொடுக்கும் குப்பிகள் சும்மா கிடந்தன. ஞானஸ்நானத் தொட்டியின் தண்ணீரை அவற்றில் நிரப்பினார்கள். கறுப்புக் கயிறு வாங்கி ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தவள் இலட்சுமி. மண்டபத்துக்குள் மட்டும் கட்ட வேண்டும், போகும்போது ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்பது விஜயரத்தினத்தின் கட்டளை.

சலோமி மாட்டவில்லை.

"போன தை மாசமே நான் சொன்னேன்," என்றார் பாஸ்டர். "மந்திரம், மாயம், இதெல்லாம் நம்ம சபைக்கு வேணாம்னு."

"சொன்னீங்களா?" என்றாள் இலட்சுமி. "புள்ளைங்க கூட்டம் பெருகுதுன்னு மேடையில நின்னு சாட்சி சொன்னீங்க பாஸ்டர். நான் முன் வரிசையில ஒக்காந்திருந்தேன்."

"நீ அந்தப் படத்தைப் பார்க்க ஒரு நாளும் வரலியே."

"வரலதான். பேசுற மரத்தையும் பறக்குற மாட்டையும் பார்க்க எனக்குப் பொறுமை இல்ல. ஆனா முடிச்சுப் போட்டது நான். நீங்க கையால தொட்டு ஜெபம் பண்ணிக் குடுத்தீங்க."

பாஸ்டர் மேசை விரிப்பைச் சரி செய்தார்.

"பிள்ளை, கொஞ்சம் பொறும்," என்றார் தியாகராஜா. வடக்கிலிருந்து வந்து முப்பது வருடம் மாத்தளைக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு மாறவில்லை. "ஒரு கடிதம் தாறம். சலோமி நல்ல பிள்ளை, ஒழுங்காச் சபைக்கு வாறவள் எண்டு."

"குப்பியைப் பத்தி?"

"அதை ஏன் எழுத்தில போடுவான்?"

நல்லையா அதுவரை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "கடுதாசி வேணாங்கய்யா," என்றார். "பாஸ்டர் ஐயா நேர்ல வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். இது நம்ம சபையில புள்ளைங்க ஆடுன வெளையாட்டுன்னு."

"சபைன்னு சொன்னா சபையையே மூடுவாங்க நல்லையா. ஏற்கனவே ரெண்டு தரம் கல்லெறிஞ்சாச்சு. கூரையப் பாரு."

"அப்ப மத்தக் குப்பிங்களைக் கொண்டு போவோம்," என்றாள் இலட்சுமி. "மண்டபத்து ஆணியில தொங்குதே. எல்லாத்தையும் மேசையில வச்சுக் காட்டினா தண்ணின்னு குருடனுக்கும் தெரியும்."

 செயலாளர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் சன்னலைப் பார்த்தார்.

"நேத்தே எடுத்துட்டோம்," என்றார் பாஸ்டர்.

"எடுத்து?"

"கக்கூஸ் குழியில போட்டுட்டோம்."

இலட்சுமி எழுந்தாள். சலோமியைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி பீக்குழியில் கிடந்தது. போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். விளைவு ஒன்றுதான்.

நல்லையா மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்புள, நீங்க ஒண்ணும் சொல்லலியே."

விஜயரத்தினம் தலை குனிந்திருந்தான். "யோசிக்க வேணும் மாமா."

"யோசிங்க. அவ உள்ள இருக்கா, நீங்க யோசிங்க."

*

பொலிஸில் நல்லையாவை வாசல் பெஞ்சிலேயே இருத்திவிட்டார்கள். சிங்களம் நன்றாகப் பேசுவாள் என்பதால் இலட்சுமியை உள்ளே விட்டார்கள்.

பொறுப்பதிகாரியின் மேசையில் பாதி தின்ற மாலுபான், மீன் வைத்த பன், இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. இவரும் இரவு தூங்கவில்லை. எல்லாம் சிங்களத்தில் நடந்தது.

"குப்பி கொழும்புக்குப் போயாச்சு," என்றார். "சோதிக்க நாளெடுக்கும். அதில் தண்ணீரா, விஷமா என்பது இப்போது எனக்கு இரண்டாவது விஷயம். இது எதற்கு என்று கேட்டேன். உன் தங்கச்சி என்ன சொன்னாள் தெரியுமா? எதிரி பிடித்தால் குடிக்க."

இலட்சுமி கண்ணை மூடித் திறந்தாள்.

"தெளிவான சிங்களத்தில் சொன்னாள். யார் எதிரி என்று கேட்டேன். இருட்டு என்றாள். யார் கொடுத்தது என்று கேட்டேன். 'நானே ஏற்றினேன்' என்கிறாள். எத்தனை தரம் கேட்டாலும் அதுதான். என்னத்தை ஏற்றினாள்?"

"விளக்கை, மஹத்தயா."

"எந்த விளக்கு?"

ஒரு வாரமாக வீட்டில் சலோமி அந்த இடத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். விளக்கேந்திப் பெண் ஒருத்தியை எதிரி பிடிக்கிறான். உன் விளக்கை ஏற்றித் தந்தவன் யார் என்று கேட்கிறான். தலைவனின் பெயரைச் சொன்னால் விட்டுவிடுவேன் என்கிறான். நானே ஏற்றினேன் என்கிறாள் அவள். அந்தச் சனிக்கிழமை விஜயரத்தினம் படத்தை நிறுத்திவிட்டு, முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தவனைப் பற்றியும், சேவல் கூவுமுன் மறுதலித்தவனைப் பற்றியும் பேசினான். பிள்ளைகள் எழுந்து நின்று காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று சொன்னார்கள்.

கதையை மட்டும் இலட்சுமி சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை. அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார்.

"என் மகளும் அதைப் பார்க்கிறாள்," என்றார் கடைசியில்.

"அப்போ உங்களுக்கே தெரியுமே மஹத்தயா."

"என் மகள் கழுத்தில் எதையும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகவில்லை." மாலுபானைத் தாளில் சுற்றினார். "ஆறு மணிக்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கொண்டு போனால் என் கையில் எதுவுமில்லை. அதற்கு முன்னால் கொடுத்தவன் வர வேண்டும். இவன்தான் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு பேர் வாக்குமூலமும் ஒத்துப்போனால் நான் அவளை வீட்டுக்கு அனுப்பலாம். ஒத்துப்போகாமல் அனுப்பினால் நாளைக்கு நான் இந்த நாற்காலியில் இல்லை."

"அவளைப் பார்க்கலாமா?"

"இல்லை."

வெளியே வரும்போது பெண் பொலிஸ் ஒருத்தி அவள் முழங்கையைத் தொட்டு, "நங்கியை, உன் தங்கச்சியை, பெயரைச் சொல்லச் சொல்லு," என்றாள். "கன்னம் வீங்கிப்போச்சு. நான் அடிக்கல."

வாசலில் நல்லையா எழுந்து நின்றார். "என்னா சொன்னான்?"

"விசாரிக்கிறாங்கப்பா. பின்னேரம் வரச் சொன்னாங்க."

"பேரு கேட்டான்ல?" நாற்பது வருடம் சிங்களக் கணக்கப்பிள்ளைகளிடம் வேலை பார்த்த மனிதர். பேசத்தான் வராது. "உள்ளேயிருந்து 'நம'ன்னு கேட்டுச்சு, நமன்னா பேருதானே? அந்தச் சொல்லு எனக்கு வெளங்காதா? ஏன் நீ சொல்லல?"

"அப்பா, மெதுவா."

"மெதுவா என்னா. யாழ்ப்பாணத்தான் வீட்டுக்கு நீ வாக்கப்பட்டப்ப அவங்க ஆளுங்க ஒருத்தரும் கல்யாணத்துக்கு வரல. தோட்டக்காட்டான் பொண்ணுன்னு. அதையும் முழுங்கிட்டேன். இப்ப அவரு யோசிக்கிறாராம். எனக்கு யோசிக்க ஒண்ணுமில்ல. நான் உள்ள போயி சொல்லிருவேன்."

"ஆறு மணி வரைக்கும் பொறுங்கப்பா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

நல்லையாவுக்குத் தெரியாத ஒன்று இலட்சுமிக்குத் தெரியும். விஜயரத்தினத்தின் தம்பி இயக்கத்துக்குப் போனவன். கல்யாணமான முதல் மாதத்தில் புருஷன் அதை அவளிடம் மட்டும் சொன்னான். பொலிஸுக்கு அந்தத் தம்பியைப் பற்றித் தெரிந்தால், படக்கதை சொன்ன வாலிபர் தலைவனாக யாரும் அவனைப் பார்க்கப்போவதில்லை.

*

ஆணியில் மாட்டாமல் வீட்டுக்குக் கொண்டு போனவள் இன்னொருத்தியும் உண்டு என்று இலட்சுமிக்கு ஞாபகம் வந்தது. பல்லேபொலப் பக்கம், கிருஷ்ணம்மாவின் மகள். ஸக்கரியாவின் த்ரீவீலில் ஏறினாள்.

வழியில் சாவடி தெரிந்ததும் ஸக்கரியா ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் கழுத்திலிருந்த தாயத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"இதென்னா நானா?"

"வெள்ளித் தாயத்து தங்கச்சி. உம்மா கட்டி விட்டது. ஆமிக்காரனுக்குக் கயிறு மட்டுந்தான் தெரியும். உள்ளுக்கு ஓதின தகடா, வேறு சாமானா எண்டு நிண்டு கேக்க மாட்டான்." சாவடி தாண்டியதும் மறுபடி மாட்டினார். "மாத்தளையில சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம். உங்கட ஆக்களுக்கு ஒருத்தரும் சொல்லலியா?"

 அந்தக் கேள்வி இலட்சுமியோடு மிளகுக்கொடி படர்ந்த அந்த வீடுவரை வந்தது.

கிருஷ்ணம்மா முற்றத்தில் சாதிக்காய் காய வைத்துக்கொண்டிருந்தாள். இலட்சுமியைக் கண்டதும் எழுந்து வாசற்படியை மறித்து நின்றாள்.

"எதுக்கு வந்த?"

"அக்கா, ஒங்க மக கிட்ட அந்தக் குப்பி இருக்குமே. ஒரு மணி நேரத்துக்கு மட்டும். பொலிஸ்ல காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்துடுறேன்."

"எந்தக் குப்பி?"

"அக்கா."

"எங்க புள்ள கிட்ட அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல. எங்க புள்ள அந்தக் கூட்டத்துக்கு வந்ததும் இல்ல."

"போன சனிக்கெழம நான்தான் அவ கழுத்துல கட்டி விட்டேன்."

"வேற யாருக்காச்சும் கட்டியிருப்ப." கிருஷ்ணம்மா குரலைத் தாழ்த்தினாள். "இலட்சுமி, எனக்கு மூணு பொண்ணு. நீ இங்க நிக்கிறதைப் பக்கத்து வீட்டுக்காரி பாத்துக்கிட்டிருக்கா. போயிரு."

வீட்டின் பின்பக்கம் அம்மிக்கல் அருகே மண்ணில் கண்ணாடித்தூள் வெயிலில் மின்னியது. கல்லால் குத்தி நொறுக்கியிருந்தார்கள். இலட்சுமி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததைக் கிருஷ்ணம்மாவும் பார்த்தாள். 

*

வீட்டில் விஜயரத்தினம் கட்டிலின் மேல் பையை வைத்துச் சட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க?" என்றாள் இலட்சுமி.

"கொழும்புக்கு. பெரியப்பா வீட்டை. அங்கயிருந்து ஒரு லோயரோட வாறன்."

"எப்ப?"

"நாளைக்கு. இல்லாட்டி நாளையிண்டைக்கு."

"ஆறு மணிக்கு அவளைக் கொண்டு போயிருவாங்க."

அவன் சட்டைக் கையைப் பிரித்து மறுபடி மடித்தான். முதலில் மடித்ததே சரியாகத்தான் இருந்தது.

"ஒண்ணு கேக்கிறேன்," என்றாள். "ஸக்கரியா நானா சாவடி வந்தா தாயத்தைக் கழட்டுறாரு. த்ரீவீல் ஓட்டுறவருக்குத் தெரியுது. எங்களுக்குத் தெரியாம இருக்கலாம், நாங்க அதையெல்லாம் கண்ணால கண்டதில்ல. நீங்க யாழ்ப்பாணத்துல வளந்தவரு. கயித்துல குப்பின்னா என்னான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"தம்பி போகேக்க பதினேழு வயசு. ஒருக்கா வீட்டை வந்தவன். கிணத்தடியில குளிக்கேக்க கண்டனான். நெஞ்சில தொங்குது. அம்மா அதைப் பாக்காத மாதிரிச் சோறு போட்டவ. நானும் பாக்காத மாதிரித்தான் இருந்தனான்." மடித்த சட்டையை மடியில் எடுத்து வைத்தான். "அந்தப் படத்தில அதைக் கண்ட உடன எனக்கு வேறை ஒண்டும் தெரியேல்லை. அதே கயிறு. அதே கண்ணாடி. உள்ளுக்குச் சாவுக்குப் பதிலா உயிர் இருந்தா எப்பிடி இருக்கும்? பிள்ளையள் அதைக் கட்டிக்கொண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டினம். எனக்கு அதைப் பாக்க வேணும் போல இருந்தது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்."

"மண்டபத்துக்குள்ள மட்டும் எண்டு சொன்னன்தானே."

"பதினெட்டு வயசுப் பொண்ணு. நீங்க சொன்னதை அப்படியே நம்புனவ. நம்புறவ வாசல்ல கழட்டி மாட்டிட்டுப் போவாளா?"

 பக்கத்து வீட்டு ரேடியோவில் சிங்களச் செய்தி போனது. இத்தனை பேர் கைது, இத்தனை பேர் பலி.

"நான் போனா அடையாள அட்டை இலக்கத்தை அடிச்சுப் பாப்பினம்," என்றான். "தம்பியிட பேர் வரும். பிறகு நான் வெளியில வரமாட்டன்."

"தெரியும்."

"நீர் போகச் சொல்லுறீரோ?"

"சொல்லல." இலட்சுமி கதவில் சாய்ந்து நின்றாள். "போகாதீங்கன்னும் சொல்லல. கன்னம் வீங்கியிருக்காம். இன்னும் உங்க பேரைச் சொல்லல. நானே ஏத்தினேன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்காளாம்."

விஜயரத்தினம் நிமிர்ந்து பார்த்தான். "அது படத்தில வாற வசனம்."

"படம்னு அவகிட்ட யாரு சொன்னது? நெசம்னுதானே சொன்னீங்க."

 அவன் பைக்குள் கையை விட்டு அடியிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்தான். ஆராதனைக்குப் போடும் சட்டை. போட்டுப் பொத்தானை மாட்டினான். நடுவில் ஒரு பொத்தான் தவறிப்போய்க் கழற்றி மறுபடி மாட்டினான்.

"தம்பி இருக்கான்னு மட்டும் சொல்லாதீங்க," என்றாள் இலட்சுமி.

அவள் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. தங்கச்சியா, புருஷனா என்று யாரும் அவளிடம் கேட்கவுமில்லை.

*

பொலிஸ் வாசலில் நல்லையா அதே பெஞ்சில் இருந்தார். மருமகனைக் கண்டதும் எழுந்தார். அவன் தோளில் கையை வைத்து எடுத்தார். அவர் மருமகனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

இந்தத் தடவை மூன்று பேரையும் உள்ளே விட்டார்கள்.

விஜயரத்தினத்தின் சிங்களம் நொண்டியது. ஆனாலும் சொன்னான். டீவீயில் போகும் கதை. சபையில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்க அதை எடுத்தது. ஸ்பைஸ் கார்டன் குப்பி. தொட்டித் தண்ணீர். கட்டச் சொன்னவன் அவன்தான். வேறு யாருக்கும் பொறுப்பில்லை. இடையில் சொல் கிடைக்காத இடங்களில் இலட்சுமி எடுத்துக் கொடுத்தாள். அவள் போட்ட முடிச்சுக்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது அவன் காலால் அவள் காலை அழுத்தினான்.

அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"அந்தக் கிழட்டு மரம் எரிகிற இடத்தில் என் மகள் அழுவாள்," என்றார். "சோறு தின்ன மாட்டாள்."

"எங்கள் பிள்ளைகளும் அழுதார்கள் சேர்," என்றான் விஜயரத்தினம்.

அறையில் யாரோ மூச்சு விட்டார்கள். நல்லையாவாக இருக்கும். அதிகாரியின் முகத்தில் வீட்டுக்குப் போக ஆசைப்படும் ஒரு தகப்பனின் களைப்பு இருந்தது. அவர் இதை நம்பிவிட்டார். இலட்சுமிக்கு அது தெரிந்தது.

"மடத்தனம்," என்றார். "பெரிய மடத்தனம். ஆனால் எழுதக்கூடிய மடத்தனம். அவளைக் கூட்டி வாருங்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்."

சலோமி வந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. கயிற்றை இழுத்து அறுத்த இடத்தில் கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அக்காவை. பிறகு விஜயரத்தினத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது.

"இந்த ஆள்தான் உனக்கு அதைக் கொடுத்தவரா?" என்றார் அதிகாரி.

"இவரை எனக்குத் தெரியாது," என்றாள் சலோமி.

நல்லையாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "அடியே, அத்தான்டி," என்றார். "ஒங்க அக்கா புருஷன்டி. சொல்லிப்புட்டாரு, எல்லாத்தையும் சொல்லிப்புட்டாரு. ஆமான்னு சொல்லு."

"தெரியாது."

விஜயரத்தினம் தமிழில் பேசினான். "சலோமி, நான்தான் வந்து சொன்னனான். பயப்பிடாதையும். ஓம் எண்டு சொல்லும்."

"தமிழில் பேசாதே," என்றார் அதிகாரி. குரல் மாறியிருந்தது.

"சலோமி," என்றாள் இலட்சுமி. "என்னைப் பாரு. நான் சொல்றேன். ஆமான்னு சொல்லு, வீட்டுக்குப் போவோம்."

சலோமி அக்காவைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. நீ படம் பார்க்காதவள், உனக்கு இது தெரியாது என்ற இரக்கம். கதையில் அந்தப் பெண்ணிடமும் இப்படித்தான் வருவார்கள். வேண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, ஒரு சொல் சொல்லு, வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். அங்கே ஆமென்று சொன்ன இன்னொருத்தியால் அவளோடு வந்தவர்கள் அழிந்தார்கள்.

"தெரியாது," என்றாள் மூன்றாம் தடவை, சிங்களத்தில், நிதானமாக. "இந்த மனிதரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை."

அதிகாரி பேனாவை மூடினார். இலட்சுமியிடம் கேட்டார்.

"இவன் உன் புருஷன்."

"ஆமாம் மஹத்தயா."

"இவள் உன் தங்கச்சி. ஒரு பானைச் சோறு தின்றவர்கள்."

"அவள் பயந்துபோய்ச் சொல்கிறாள்."

"இவளா? இந்த அறையில் பயப்படாத ஒரே ஆள் இவள்தான்." எழுதிய தாளை எடுத்து இரண்டாக மடித்தார். "அறைந்தால் அழ வேண்டும். அப்பனைக் கண்டால் அழ வேண்டும். அக்கா புருஷனை, அவனே ஒப்புக்கொண்ட பிறகும், முகத்துக்கு நேரே தெரியாது என்று சொல்ல எந்த ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுக்கிறார்கள்? பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரே ஒரு இடத்தில்தான் பிள்ளைகளை அப்படிப் பழக்குவார்கள்."

"சேர், அது கதை," என்றான் விஜயரத்தினம். "நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது.

"ஆமாம்," என்றார் அதிகாரி. "நீதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அடையாள அட்டை."

அவன் எடுத்துக் கொடுத்தான். அவர் பிறந்த ஊரைப் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"சகோதரர்கள்?"

"இல்லை," என்றான் விஜயரத்தினம்.

அதிகாரி டெலிபோனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார். மறுமுனையில் பேச்சுக் கேட்டதும் அட்டையிலிருந்த இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசி எழுத்தை இரண்டு தடவை சொன்னார். பிறகு ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பெண் பொலிஸ் சலோமியைத் திருப்பி நடத்திக்கொண்டு போனாள். சலோமி தானாகவே நடந்தாள். நடைக்கூடத்தின் முனையில் அவள் திரும்பி, அத்தானைப் பார்த்து, கண்ணை மட்டும் ஒரு தரம் மூடித் திறந்தாள். காப்பாற்றிவிட்டேன் என்று சொல்வது போல. அதை அதிகாரியும் பார்த்தார்.

நல்லையா நாற்காலியைத் தேடினார். இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "நான் யோசிக்க விட்டிருக்கணும்," என்றார் யாரிடமோ. "அவரு சொன்னாரு, யோசிக்கணும்னு."

கான்ஸ்டபிள் ஒருவன் வந்து விஜயரத்தினத்தின் இடுப்பு வாரைக் கழற்றச் சொன்னான். சப்பாத்தைக் கழற்றச் சொன்னான். அவன் குனிந்து கழற்றி, இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் ஒழுங்காக வைத்தான்.

"மாமாவை வீட்டை கூட்டிக்கொண்டு போம்," என்றான் இலட்சுமியிடம். "லைட்டைப் போட்டு வையும்."

அவள் தலையை ஆட்டினாள். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. 

வெள்ளைச் சட்டையோடு வெறுங்காலில் அவன் நடைக்கூடத்தில் இடப்பக்கம் திரும்பினான். சலோமி போனது வலப்பக்கம். இரும்புக் கதவுக்கு உள்ளே அவன் குனிந்து நுழைந்தான். கான்ஸ்டபிள் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பினான்.